இழவு சொன்னவன்

நான் பயந்தாங்கொள்ளி. இதை ஒளிக்க முப்பது வருடம் முயன்று பார்த்து, முடியாமல் விட்டுவிட்டேன். வீதியில் பொலிஸ்காரன் வெறுமனே நின்றாலும் சீற் பெல்ட்டைத் தடவிப் பார்ப்பேன். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் உடைக்கும் வேலை மனைவிக்கு. "எத்தினை பார்டர் தாண்டி வந்த மனுசன், ஒரு கடுதாசிக்கு நடுங்குது" என்று அவள் சிரிப்பாள். நடுங்கியபடியால்தான் அத்தனை பார்டரையும் உயிரோடு தாண்டினேன் என்று நானும் விட்டுக்கொடுக்காமல் சொல்வேன். ஊரில் என்னோடு படித்த தைரியசாலிகள் பலர் இப்போது மாலை போட்ட படங்களாகச் சுவரில் இருக்கிறார்கள். நான் லண்டனில், வால்தம்ஸ்டோவில் இருக்கிறேன், மினி பஸ் ஓட்டுகிறேன்.

இந்த நாட்டுக்கு வருமுன் ருமேனியாவில் மூன்று குளிர்காலம் கிடந்தேன். ஜெர்மனிக்குக் கூட்டிப்போகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் எங்களை அங்கே ஒரு சின்ன நகரத்தில் இறக்கிவிட்டு மாயமாகிவிட்டான். ஒரு பேக்கரியில் மாப் பிசையும் வேலை கிடைத்தது. மொழியும் தானாக வந்தது. பயத்தில் இருப்பவனுக்கு மொழி சீக்கிரம் வரும், யார் என்ன சொல்கிறார்கள் என்று எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருப்பான் அல்லவா. அந்த நகரத்தில் என் நிறத்தைப் பார்த்து எல்லோரும் என்னை ரோமா, அதாவது ஜிப்சி, என்றே நினைத்தார்கள். ரோமாக்கள் அங்கே ஊருக்கு வெளியே, சேற்றுக்குள் வீடு கட்டி இருக்கும் சனம். கடையில் எனக்குப் பின்னால் ஆள் வைத்துப் பார்த்தார்கள். பொலிஸ் இரண்டு தரம் அடித்தது, இரண்டு தரமும் ரோமா என்று நினைத்து. நான் இலங்கைத் தமிழன் என்று சொல்லிப் பார்த்தேன். நம்பியிருந்தால் அதற்கும் அடிதான் விழுந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த மொழிதான் பல வருடம் கழித்து லண்டனில் எனக்கொரு வேலை தேடித் தந்தது. ரோமாக் கிராமம் ஒன்றிலிருந்து பாண்ட் வாத்தியக் கோஷ்டி ஒன்று ஒவ்வொரு கோடையும் இங்கே வரும். அவர்களின் கச்சேரிகளை ஒழுங்குசெய்கிற இங்கிலிஷ்காரி ஒருத்தி, ருமேனிய மொழி தெரிந்த சாரதி வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தாள். யாரோ என்னைச் சொல்லிவிட்டார்கள்.

பதினொரு பேர். ட்ரம்பெட்காரர், கொம்பு வாத்தியக்காரர், தோளைச் சுற்றிப் பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிற பெரிய டூபாக்காரர் இரண்டு பேர், வயிற்றில் கட்டி அடிக்கிற பெரிய மேளம். எல்லாம் பழைய பித்தளை, நெளிந்து, ஈயம் வைத்து ஒட்டினது. ஒருவருக்கும் இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. அண்ணன் தம்பி, ஒன்றுவிட்ட சகோதரம், மருமகன் என்று எல்லோரும் ஒரே குடும்பம். கலியாணத்துக்கும் செத்தவீட்டுக்கும் சுற்றுக் கிராமங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை, யாரோ வெளிநாட்டான் ஒரு கலியாணத்தில் கேட்டு, பதிவுசெய்து கொண்டுபோனான். பிறகு ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான். டோக்கியோவில் கையெழுத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். தங்கள் சொந்த மாவட்டத்து நகரத்தில் சாப்பாட்டுக் கடைக்குள் போனால் மேசை இல்லை என்கிறார்கள். அவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோஷ்டித் தலைவர் என் வயதுக்காரர், ட்ரம்பெட் வாசிப்பவர், முன்பல் இரண்டும் தங்கம். முதல் நாள் விமான நிலையத்தில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எங்கடை ஆள்தானே, ஏன் இங்கிலிஷ்காரனுக்கு பஸ் ஓட்டுறாய்?" என்று கேட்டார். அவர் பேசியது ருமேனிய மொழி. என் காதில் அது ஊர்த் தமிழாகத்தான் விழுந்தது, அப்படியே எழுதுகிறேன். தங்கள் முன்னோர் ஆயிரம் வருடத்துக்கு முன் இந்தியப் பக்கம் இருந்து வந்தவர்கள் என்று அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் அவருக்கு மச்சான்.

அவர்களுடைய இரண்டு வழக்கங்களை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, கச்சேரி நாளில் காலையிலேயே தலைவர் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் தந்துவிடுவார். மேடையால் இறங்கிய பிறகுதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் ஒரு கச்சேரியின் நடுவில் டூபாக்காரர் ஒருவர் மனைவியின் அழைப்புக்குப் பயந்து வாசிப்பை நிறுத்திவிட்டுப் பதில் சொன்னாராம். அதிலிருந்து வந்த சட்டம்.

மற்றது துடக்கு, சாவுத் தீட்டு. ஒரு கோடையில், வெளியிலிருந்து மருமகனாக வந்த கொம்பு வாத்தியக்காரர் ஒருவர் தாடியோடு வந்தார். வாத்தியம் கொண்டுவரவில்லை. மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கினார், மேடைக்குப் பின்னால் தலைகுனிந்து இருந்தார், திரும்பிப் போனார். அவருடைய தம்பி இறந்து சில மாதம் ஆகியிருந்தது. வீட்டில் சாவு விழுந்தால் ஒரு வருடம் வாத்தியத்தில் வாய் படக்கூடாது என்று தலைவர் சொன்னார்.

"எங்களுக்கும் துடக்கு இருக்குது. முப்பத்தொரு நாள்" என்றேன் நான்.

"எங்களுக்கு வருசம் முழுக்க. பாட்டில்லை, ஆட்டமில்லை, சவரமில்லை."

"தெரியாமல் வாசிச்சால்?"

பின் சீற்றில் இருந்த தாடிக்காரர்தான் சொன்னார். "செத்தது கேட்டுக்கொண்டிருக்கும். நான் போனதுக்குக் கூத்தாடுகினம் எண்டு நினைக்கும். பிறகு அது வீட்டை விட்டுப் போகாது." மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார். ஆந்தை கத்தினாலே திருநீறு பூசுகிறவன் நான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அதுவரை லண்டனில் அவர்கள் வாசித்தது பூங்காக்களிலும் மதுக்கடை மேல்மாடிகளிலும்தான். அந்த வருடம் ஒரு பெரிய மண்டபம் கிடைத்திருந்தது. அனுமதிச் சீட்டு எல்லாம் முடிந்துவிட்டது. இங்கே வாசித்து முடித்ததும் அமெரிக்கா, பிறகு மறுபடி ஜப்பான். காலையில் பஸ்ஸில் ஏறும்போதே எல்லோரும் புதுத் தொப்பி போட்டிருந்தார்கள். தலைவர் சவரம் செய்து வாசனை பூசி, கலியாண மாப்பிள்ளை மாதிரி முன் சீற்றில் இருந்தார். நான் வழக்கம்போல ஆர்ச்வே ஏற்றத்து முருகன் கோயிலைத் தாண்டும்போது ஒரு கையால் கும்பிட்டேன். தலைவரும் தொப்பியைத் தூக்கினார்.

மத்தியானம் அவர்கள் உள்ளே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மண்டபத்துக்குப் பின்னால் பஸ்ஸை நிறுத்தி அதற்குள்ளேயே இருந்தேன். போன் பை என் காலடியில். முதலில் ஒரு போன் அடித்தது. நான் அசையவில்லை. அது ஓய, வேறொன்று. பிறகு இரண்டு ஒன்றாக. கொஞ்ச நேரத்தில் பை முழுவதும் அடிக்கத் தொடங்கியது. வேறு வேறு மணி, வேறு வேறு பாட்டு, எல்லாம் ஒரே கிராமத்திலிருந்து. ஓர் ஊரே சேர்ந்து கூப்பிட்டால் அது நல்ல செய்திக்காக இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எடுக்கக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சத்தத்தோடு ஒரு வண்டிக்குள் அடைந்து கிடக்க முடியவில்லை. தலைவரின் போனைத் தேடி எடுத்தேன்.

அவருடைய மனைவி. பின்னால் பெண்கள் அழுகிற குரல்கள்.

"ஆர் கதைக்கிறது?"

"நான் பஸ் ஓட்டுற ஆள்."

"மச்சான் எண்டு சொல்லுவார், நீங்களோ?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணை, மாமி போட்டா. விடியப்புறம் நித்திரையிலை போட்டா. அவரிட்டை நீங்கள் சொல்லுங்கோ. என்னாலை ஏலாது. அவர் வாசிக்க முதல் சொல்லிப்போடுங்கோ, உங்களுக்குப் புண்ணியம்."

வைத்துவிட்டாள். அவளுக்கு மாமி என்றால் தலைவருக்குத் தாய். நான் பையில் இருந்த போன்களை ஒவ்வொன்றாக எடுத்து எல்லாவற்றின் சத்தத்தையும் நிறுத்தினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதலில் போனது அந்த இங்கிலிஷ்காரியிடம். இதைச் சரியாகச் சொல்ல வேண்டும்: அவள் கெட்டவள் அல்ல. கேட்டதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, சொன்னால் என்ன நடக்கும் என்று கேட்டாள். நான் துடக்கைப் பற்றிச் சொன்னேன். பதினொரு பேரில் சிலருக்கு அந்த மனுசி தாய், சிலருக்குப் பெரியம்மா, சிலருக்கு மாமி. ஒருவரும் வாசிக்க மாட்டார்கள். இன்றைக்கு மட்டுமல்ல, ஒரு வருடத்துக்கு. அவள் அப்படியே படிக்கட்டில் இருந்துவிட்டாள்.

"கச்சேரி முடிந்த பிறகு சொல்லலாமே" என்றாள். "இறந்தவர் இறந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் என்ன மாறப்போகிறது? இத்தனை வருடம் இந்த மனிதர்கள் இந்த ஒரு நாளுக்காகத்தானே பாடுபட்டார்கள். நீங்கள் சாரதி, இது உங்கள் பொறுப்பில்லை. நான் சொல்லிக்கொள்கிறேன்."

உங்கள் பொறுப்பில்லை என்று அவள் சொன்னதும் எனக்கு வந்த ஆறுதலைச் சொல்ல முடியாது. பஸ்ஸுக்குத் திரும்பி வந்து ஒரு சிகரெட் பற்ற வைத்தேன். அது முடிவதற்குள் ஆறுதலும் முடிந்துவிட்டது. செத்தது கேட்டுக்கொண்டிருக்கும் என்று தாடிக்காரர் சொன்னது காதுக்குள் வந்து இருந்துகொண்டது. அதற்கு மேல் என் சொந்தக் கதை ஒன்றும் இருந்தது. ஐயா ஊரில் செத்தபோது எனக்கு விசா விசாரணை வருகிறது என்று அண்ணன் நான்கு நாள் சொல்லாமல் மறைத்தார். அந்த நான்கு நாளில் ஒருநாள் நான் அறைக்காரப் பெடியங்களோடு கிரிக்கெட் பார்த்து, வயிறு நோகச் சிரித்திருக்கிறேன். அண்ணன் நல்லதைத்தான் நினைத்தார். அந்தச் சிரிப்பை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மனைவிக்குப் போன் எடுத்தேன். அவள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"அவரின்ரை மனுசி உங்களிட்டைத்தானே சொல்லச் சொன்னவ. அப்ப நீங்கள்தான் சொல்லோணும்."

"எனக்குப் பயமாய்க் கிடக்குதப்பா."

"பயந்துகொண்டே சொல்லுங்கோ, ஆர் வேண்டாமெண்டது? முதல் ஏதாவது சாப்பிடக் குடுங்கோ. வெறும் வயித்திலை சொல்லாதேங்கோ. எடுத்த எடுப்பிலை செத்துப்போனா எண்டும் சொல்லிப்போடாதேங்கோ. கடுமை எண்டு சொல்லுங்கோ."

இதுதான் எங்கள் முறை. எங்கள் ஆட்கள் யாரும் சாவை நேரே சொல்வதில்லை. முதலில் ஆளை இருத்துவார்கள். சாப்பிட்டாயோ என்று கேட்பார்கள். இனிச் சோறு இறங்காது என்று அவர்களுக்குத் தெரியும். பிறகு, நோய் முற்றிவிட்டது என்பதுபோல, கொம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம், வெளிக்கிட்டு வாவன் என்பார்கள். கேட்கிறவன் அந்த இடத்திலேயே விளங்கிக்கொள்வான். அந்தச் சொல்லை ஒருவரும் வாயால் சொல்லாமலே வேலை முடிந்துவிடும். உலகம் முழுவதும் சிதறிப்போன சனம், ஒவ்வொருவரும் ஒரு தரமாவது இப்படிக் கேட்டிருப்போம். உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் என்று நானும் நம்பியிருந்தேன்.

பக்கத்துத் தமிழ்க் கடையில் மட்டன் ரோல்ஸும் தேத்தண்ணியும் வாங்கிக்கொண்டு வந்து, தலைவரை பஸ்ஸுக்குக் கூப்பிட்டேன். அவர் படியில் இருந்து சாப்பிட்டார். நல்ல உறைப்பு என்று பாராட்டினார். நான் அவருக்கு முன்னால் நின்றேன்.

"வீட்டிலை இருந்து போன் வந்தது, மச்சான். அம்மாவுக்குக் கடுமையாம்."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் ஆள் என்றால் இந்த இடத்தில் கையில் இருப்பது கீழே விழும். நான் அதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன். கடதாசியில் கை துடைக்கிற சத்தம் கேட்டது.

"திரும்பவுமோ?" என்றார் தலைவர். "கிழவி போன மாதமும் இப்பிடித்தான். மூச்சிழுக்குது எண்டு எல்லாரும் சுத்தி இருந்து அழுதவை. நான் பாரிஸிலை நிண்டனான். போனிலை ஒரு பாட்டு வாசிச்சன். எழும்பிச் சூப் குடிச்சவ!" தங்கப் பல் தெரியச் சிரித்தார். பிறகு முகம் கொஞ்சம் மாறியது. "இண்டைக்கும் வாசிக்கிறன். நான் மேடைக்கு ஏறேக்கை வீட்டுக்கு எடுத்துத் தாறன். நீ போனைப் பிடிச்சுக்கொண்டு ஓரத்திலை நில். அவ கேக்கட்டும். கேட்டாவெண்டால் எழும்பியிடுவா."

அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் உள்ளே இருந்து அவரைக் கூப்பிட்டார்கள். பாதி ரோல்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடிப்போனார். நான் படியில் அவர் இருந்த இடத்தில் இருந்துவிட்டேன். செத்த தாயை ஒரு சொல்லால் உயிரோடு எழுப்பிவிட்டிருந்தேன். இனி அவளை நானே கொல்ல வேண்டும்.

பின்னேரம் மண்டபம் நிறைந்தது. வெளியே நல்ல வெயில், உள்ளே இருட்டு. மேடை ஓரத்துத் திரைக்குப் பின்னால் நான் பேயறைந்தவன் மாதிரி நின்றேன். தலைவர் வந்து தன் போனைக் கேட்டார். பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவரே வீட்டு எண்ணை அழுத்தி, என் கையில் வைத்து, என் விரல்களை அதன்மேல் மூடிவிட்டு, ட்ரம்பெட்டோடு வெளிச்சத்துக்குள் போய்விட்டார். சனம் கத்திய சத்தத்தில் கட்டடம் அதிர்ந்தது.

போன் என் கைக்குள் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ எடுத்தார்கள். அழுகுரல்கள். அவற்றுக்கு மேலாகத் தலைவரின் மனைவியின் குரல். "அண்ணை? சொல்லிப்போட்டீங்களோ?"

அந்த நேரம் பார்த்துப் பெரிய மேளம் விழுந்தது. செத்தவீட்டுக்குள் அந்தச் சத்தம் போகக்கூடாது என்று ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. பெருவிரலால் அழைப்பைத் துண்டித்தேன். மேடையிலிருந்து தலைவர் என்னைப் பார்த்து, கேட்கிறதா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையாட்டினேன்.

அவர்கள் வாசித்தார்கள். எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன், அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. டூபா இரண்டும் கீழே உருள, அதன் மேல் கொம்புகள் துள்ள, எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய ட்ரம்பெட் என் பக்கம் திரும்பி நின்றது. அவர் சனத்துக்கு வாசிக்கவில்லை. என் கையில் இருந்த, உயிர் போன அந்தப் போனுக்கு வாசித்தார். நான் அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடையின் மறு ஓரத்தில் அந்த இங்கிலிஷ்காரி நின்றாள். உள்ளங்கையைக் கீழே பார்க்கப் பிடித்து, பொறு, பொறு என்று எனக்குச் சைகை காட்டினாள். அவள் முகமும் வெளிறித்தான் இருந்தது.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதுக்கு முன்னால் அவர் ஒலிவாங்கியில் தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலிஷில் ஏதோ சொன்னார். இது அம்மாவுக்கு, அம்மா ஆடுகிற பாட்டு, அம்மா வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறா என்றார். சனம் முழுவதும் எழும்பிக் கைதட்டியது. எனக்குக் காது அடைத்தது. செத்தது கேட்டுக்கொண்டிருக்கும். அது கலியாண ஆட்டப் பாட்டு. குதிரை ஓடுகிற வேகம். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் ஆடத் தொடங்கினார்கள். நடுவில் அவர் வாசித்துக்கொண்டே என்னருகில் வந்து, ட்ரம்பெட்டைக் கொஞ்சம் விலக்கி, "கேக்கிறாவோ?" என்று கத்தினார். முகம் முழுவதும் வேர்வையும் சந்தோசமும்.

இன்னொரு தரம் தலையாட்ட என்னால் முடியவில்லை. கழுத்து மறுத்துவிட்டது. அவர் என் முகத்தைச் சரியாகப் பார்க்காமலே திரும்பி வெளிச்சத்துக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

தைரியம் வந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். என் வாழ்க்கையில் வெளிச்சம் என்றால் ஒரே பொருள்தான்: ஆமிச் சென்றிச் சாவடியில் ரோர்ச் லைற், எல்லையில் தேடும் விளக்கு, லொறியின் கதவைத் திறந்து முகத்தில் அடிக்கிற வெளிச்சம். யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பொருள். அந்த மேடையில் கால் வைத்தபோது என் தொடை இரண்டும் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்படி ஆடின. கைகளை உயர்த்திவிடுவேனோ என்றுகூட இருந்தது. சாரதிச் சட்டையோடு ஒரு வழுக்கைத் தலைக் கறுத்த மனிதன் வருவதைக் கண்டு முன்வரிசையில் ஆரவாரம் செய்தார்கள். நானும் கோஷ்டியில் ஓர் ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அவருடைய தோளைப் பிடித்து இழுத்து, காதுக்குள் வாயை வைத்து, ருமேனிய மொழியில் சொன்னேன்.

"அம்மா செத்துப்போனா. விடியப்புறம்."

சுற்றிவளைக்காமல், முன்னுக்குப் பின் ஒன்றும் இல்லாமல். அதற்கு முன் யாருக்கும் நான் அப்படிச் சொன்னதில்லை. ட்ரம்பெட் அவருடைய வாயில் இருந்து இறங்கியது. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் முகத்தைப் பார்த்து மற்ற ட்ரம்பெட்காரர் நிறுத்தினார்கள், பிறகு கொம்புகள், பிறகு மேளம். ஒரு டூபாக்காரர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தார். தனியே அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. தம்பி ஒருவன் போய் அவர் கையைத் தொட்டான்.

சனம் கைதட்டிக்கொண்டே இருந்தது. வேண்டுமென்றே நிறுத்தியிருக்கிறார்கள், திரும்பத் தொடங்குவார்கள் என்று நினைத்து, தாளம் தவறாமல், பாட்டே இல்லாத பாட்டுக்குத் தட்டினார்கள். சிரித்துச் சிரித்துத் தட்டினார்கள். ஷெல்லடியில் பங்கருக்குள் கிடந்தவன் நான். இந்தக் கைதட்டுக்குப் பயந்ததுபோல் அதற்குப் பயந்ததில்லை. தலைவர் தொப்பியைக் கழற்றினார். மற்றப் பத்துப் பேரும் கழற்றினார்கள். அதைக் கண்ட பிறகுதான் முன்வரிசைகளில் கை ஓயத் தொடங்கியது. அந்த இங்கிலிஷ்காரி மேடைக்கு வந்து சனத்துக்கு உள்ளதைச் சொன்னாள். சொல்லும்போது அழுதாள். அதற்காக அவளை நான் இன்றும் மதிக்கிறேன்.

அடுத்த விமானத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். தலைவர் முன் சீற்றில் இருந்தார். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உனக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார்.

"மத்தியானம்."

"ஏன் அப்ப சொல்லேல்லை?"

"சொன்னனான். எங்கடை ஆக்களுக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லிப்போட்டன்." எங்கள் முறையை அவருக்கு விளக்கினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"கடுமை எண்டால் உங்கடை ஆக்களுக்கு விளங்கிவிடுமோ?"

"உடனை விளங்கும்."

"பாவங்கள்" என்றார். பிறகு, "ரெண்டு பாட்டு வாசிச்சுப்போட்டன்" என்றார். அந்தக் குரலில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். அந்தப் பாவம் என்னோடு போகட்டும் என்று சொன்னேன். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "ரெண்டோடை நிண்டது உன்னாலை" என்றார்.

இறங்கும்போது என் போன் நம்பரை வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். "இனி வெளிநாட்டிலை நிக்கேக்கை வீட்டிலை ஏதும் எண்டால் உனக்குத்தான் எடுக்கச் சொல்லப்போறன்" என்றார். "மற்றவை எல்லாரும் எங்களைக் காப்பாத்துறம் எண்டு பொய் சொல்லுவினம். நீ நடுங்கி நடுங்கியெண்டாலும் வந்து சொல்லுவாய்."

அமெரிக்காவும் ஜப்பானும் அந்த வருடம் போய்விட்டன. பத்திரிகைகள் அவர்களை மறந்துவிட்டன. ஒரு வருடம் முழுவதும் பதினொரு பேரும் வாத்தியத்தைத் தொடவில்லை. வருடம் முடிந்து, சவரம் செய்து, ஒரு கிராமத்துக் கலியாணத்தில் மறுபடி தொடங்கினார்கள். மெல்ல மெல்ல வெளிநாட்டு அழைப்புகள் திரும்ப வந்தன. எனக்கும் அழைப்புகள் வந்தன. அந்தக் கிராமத்துப் பெண்கள் தலைவரின் சொல்லைத் தட்டவில்லை. ஒரு தரம் டூபாக்காரரின் தகப்பன். அவர்கள் அப்போது பாரிஸில் நின்றார்கள். ஒரு தரம் மேளக்காரரின் மகன், மோட்டார் சைக்கிளில் போய் அடிபட்டு. அவர்கள் வியன்னாவில் நின்றார்கள். இரண்டு தரமும் தலைவருக்குத்தான் எடுத்தேன், இரண்டு தரமும் ஒரே மூச்சில் நேரே சொன்னேன். சொல்லிவிட்டு இரண்டு தரமும் போய் வாந்தி எடுத்தேன்.

இந்த வருடம் வசந்தத்தில், சவுத்தாலில் ஒரு கலியாண மண்டபத்துக்கு வெளியே ஆட்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். ருமேனிய நம்பர் ஒன்று அடித்தது. தலைவரின் மனைவி. விக்கி விக்கி அழுதாள். நான் பஸ்ஸின் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பொம்பிளைப் பிள்ளை. சுகமாய்க் கிடக்கிறா." எட்டு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தவள் அந்த மகள். இல்லாத நேர்த்திக்கடன் எல்லாம் வைத்திருந்தார்கள். "அவர் ஜப்பானிலை. நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. கெட்டதெல்லாம் உங்களைக்கொண்டு சொல்லிவிச்சம். இந்த நல்லதையும் நீங்களே சொன்னால்தான் சரி."

எனக்கு வந்த சந்தோசத்தில் வீதி என்றும் பாராமல் கண்ணைத் துடைத்தேன். முப்பது வருடத்தில் முதல் தரம், கை நடுங்காமல் ஒரு நம்பரை அழுத்தினேன். நீண்ட நேரம் அடித்தது. ஓயப்போகிறது என்று நினைத்தபோது எடுத்தார்.

வழக்கமாக எடுத்ததும் மச்சான் என்று கத்துகிறவர். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை. பின்னால் ஏதோ வீதியின் இரைச்சல், யாரோ பெண்கள் சிரித்துக்கொண்டு போகிறார்கள், அதற்கு இந்தப் பக்கம் அவருடைய மூச்சு. அது எனக்குத் தெரிந்த மூச்சு. போன் திரையில் என் பெயரைக் கண்டிருக்கிறார்.

"ஆர் மச்சான் போனது?" என்று கேட்டார், மெதுவாக.

ஒருவரும் போகேல்லை, ஓராள் வந்திருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார்.